அம்பாசடர் கொதிக்கிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்வி

என்னிடம் இருப்பது 1978 மாடல் அம்பாசடர், மார்க் 3. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். போன கோடை முழுக்கக் கொதித்துக்கொண்டே இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டேன் (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுப்பது), தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) மாற்றினேன், வாட்டர் பம்பையும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு ரப்பர் ஹோஸில். நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் நேராகச் செய்யுங்கள்.

முதலில் வண்டி உண்மையிலேயே சூடாகிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். நாற்பது வருட மீட்டர் அது. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை மலிவுதான். தெர்மோஸ்டாட் மூடியை நோக்கிப் பிடித்தால் 80 முதல் 90 டிகிரி வரை காட்டலாம். பளபளக்கும் உலோகத்தில் இது குறைவாகக் காட்டும், அதனால் அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டு அளக்கவும்.

அடுத்தது அந்தக் கேள்வி: எப்போது சூடாகிறது?

சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட், ஃபேன், ரேடியேட்டர் முன்னால் அடைத்திருக்கும் மண், பூச்சி இவற்றைப் பாருங்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல உள்ளே போகலாம், அதற்கு மேல் கூடாது. ஊருக்குள் சமர்த்தாக இருந்து, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் தடை. என்னுடையது இரண்டாவது வகை. நான் அப்போது இதை யோசிக்கவே இல்லை.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், விளையாட்டில்லை. மூடியின் அடி ரப்பர் காய்ந்திருந்தால் புது மூடி போடுங்கள். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 111 டிகிரிக்கு உயர்த்திவிடும். அந்த ரப்பர் பிடிக்காவிட்டால் 100 டிகிரியிலேயே பொங்கும். ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பம்பின் பேரிங் போய்விட்டது.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸ். பம்ப் தண்ணீரை இழுப்பது இதன் வழியாகத்தான். ரப்பர் தளர்ந்துவிட்டாலோ, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துக் கரைந்துவிட்டாலோ, வேகம் கூடும்போது அந்த இழுப்பில் ஹோஸ் அப்பளம் போல ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். நான் மூன்று முறை கையால் அமுக்கிப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று விட்டது இதனால்தான். எஞ்சின் நன்றாகச் சூடேறி தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, வேறொருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, ஃபேனில் கை, துண்டு படாமல் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் ஒடுங்கினால் அதுதான் திருடன். புது ஹோஸ் வாங்கும்போது உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேட்டு வாங்கவும்.

ஹோஸ் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட். ஒரு பாத்திரத்து நீரில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், அடியில் படக்கூடாது. அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று கழற்றி எறியும் மெக்கானிக்குகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடித் தேயும், பெட்ரோலும் குடிக்கும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றி வளர்ந்த வண்டி என்றால் எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம் சேறும் உப்பும் படிந்திருக்கும். வடிகால் குழாயைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால், கம்பியால் குத்திவிடுங்கள். என் வண்டியில் தேநீர் நிறத்தில் அரை வாளி வந்தது. அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும்தான்.

டைமிங்கையும், அதாவது தீப்பொறி விழும் நேரத்தையும், மறக்க வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் கான்டாக்ட் பாயின்ட்டின் குதி தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறி தாமதமாகும், எஞ்சின் சூடாகும். இத்தனைக்குப் பிறகும் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் மோர் மாதிரி வெளுத்தாலோ, கோளாறு எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டில். அதை வீட்டில் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த, பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கும் ஒருவர், எல்லாம் செய்தும் சிக்னலில் ஏறுகிறது என்றார். பம்ப் மாற்றியபோது ஃபேனை முன்பின் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அப்படிப் பூட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் இறக்கையின் வளைவு எதிர்ப்பக்கம் இருப்பதால் அளவு குறைந்துவிடும். திருப்பிப் பூட்டியதும் சரியானது.