பாக்டீரியாவை இரண்டாகப் பிரிக்கும் புரதத்தை வீட்டுக் கணினியில் திருப்பிப் பார்ப்பது எப்படி?

அக்கா மகள் தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிவந்த பையை இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் மடிக்கணினியைத் தூக்கிவந்து, "மாமா, இந்தப் புரதத்துல குழி இருக்கு, ஆனா வெட்டுற பல் எங்க இருக்குன்னே தெரியல" என்றாள். நானும் உட்கார்ந்தேன். இருட்டும்வரை தேடினோம். தவறு எங்கள் கண்ணில் இல்லை, நாங்கள் திறந்த கோப்பு அப்படி. அந்த ஒரு மாலை உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

புரதத்தின் பெயர் எஃப்டிஎஸ்-இசட். ஈ. கோலை பாக்டீரியாவில் இந்தப் புரதம் பழுதான சில திரிபுகள் உண்டு, 42 டிகிரி சூட்டில் வளர்த்தால் அவை பிரியவே மாட்டா, வளரும், நீளும், இடியாப்பம் மாதிரி இழை இழையாகக் கிடக்கும். அந்த இழைத் தோற்றமும் சூடு தாங்காத குணமும் சேர்ந்துதான் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள். 1991இல் எர்ஃபெய்​ பை, ஜோ லட்கென்ஹாஸ் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, பிரியப்போகும் செல்லின் நடுவில் இது வளையமாகக் கூடி நிற்பது தெரிந்தது.

தொடங்குவதற்கு முன் தமிழில் எழுதுவதால் வரும் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். இந்தப் புரதம் பிடித்துக்கொள்ளும் எரிபொருளில் மூன்று பாஸ்பேட் இருக்கும், எரிந்த பிறகு இரண்டு. ஆங்கிலச் சுருக்கப்பெயரில் நடு எழுத்து மட்டும் மாறும் (GTP, GDP), நம் எழுத்தில் இரண்டுமே ஜிடிபிதான், போதாக்குறைக்கு நாட்டின் பொருளியல் வளர்ச்சியும் அதே ஜிடிபி! அதனால் இங்கே முப்பாஸ்பேட், இருபாஸ்பேட் என்றே சொல்கிறேன்.

படி 1: கோப்பைத் திறங்கள்

உலாவியில் ஆர்சிஎஸ்பி புரதத் தரவு வங்கியின் தளத்துக்குப் போங்கள். இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை. தேடல் பெட்டியில் 1, எஃப், எஸ், இசட் என்று இடைவெளி இல்லாமல் அடித்து, வரும் பக்கத்தில் முப்பரிமாணக் காட்சியைச் சொடுக்குங்கள். கைப்பேசியிலும் வரும், ஆனால் விரலால் திருப்பித் திருப்பி வெறுத்துப்போவீர்கள், சுட்டி இருந்தால் நல்லது. இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் திரும்பும், சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும்.

இது 1998இல் யான் லோவவும் லிண்டா ஏமோஸும் புரதத்தைப் படிகமாக்கி எடுத்து வெளியிட்ட வடிவம். ஒரு வேடிக்கை என்னவென்றால், பாக்டீரியாப் புரதம் என்று நாம் பார்க்கும் இது எடுக்கப்பட்டது பாக்டீரியாவிலிருந்தே இல்லை. கடலடி வெந்நீர் ஊற்றில், 85 டிகிரி அளவுச் சூட்டில் சுகமாக வாழும் மெத்தனோகாக்கஸ் ஜன்னாஷி என்ற ஆர்க்கியாவிலிருந்து (பாக்டீரியா மாதிரியே ஒற்றைச்செல் உயிர், ஆனால் வேறு குலம்) எடுத்தது. அடிப்படை மடிப்பு ஒன்றுதான், அதனால் கவலை வேண்டாம்.

படி 2: குழியைக் கண்டுபிடியுங்கள்

சுருள்களுக்கும் நாடாக்களுக்கும் நடுவே குச்சிக் குச்சியாக ஒரு சிறு மூலக்கூறு தெரியும். அதுதான் இருபாஸ்பேட். அதன் மேல் சொடுக்கினால் காட்சி கிட்டே போய், சுற்றியுள்ள அமினோ அமிலங்களைப் புள்ளிக்கோடுகளோடு காட்டும். மேலே ஓடும் எழுத்து வரிசையில் (ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலம்) மூன்று கிளைசின், ஒரு த்ரியோனின், கிளைசின், த்ரியோனின், கிளைசின் (GGGTGTG) என்று அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேடிச் சுட்டியை வையுங்கள், ஒளிரும் இடம் இந்தக் குழியின் விளிம்பாக இருக்கும்.

இப்போது தள்ளிவந்து மொத்தமாகப் பாருங்கள். புரதம் இரண்டு கட்டிகளாகத் தெரியும், நடுவில் ஒரு நீளச் சுருள் தூண் மாதிரி. குழி மேல் கட்டியில் வரும்படி திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பல்லைத் தேடுங்கள் (நாங்கள் மாட்டிக்கொண்ட இடம்)

முப்பாஸ்பேட்டை வெட்ட உதவும் பகுதிக்கு டி-7 வளைவு என்று பெயர். எழுத்து வரிசையில் ஆஸ்பார்டேட், ஃபினைல்அலனின், அலனின், மறுபடி ஆஸ்பார்டேட் (DFAD) என்று வரும் இடம் அது. சுட்டியை வைத்தால் எங்கே ஒளிர்கிறது? குழிக்குப் பக்கத்தில் இல்லவே இல்லை. நடுத்தூணின் அடிமுனையில், குழிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒளிரும். நாங்கள் தவறான எழுத்தைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்து நாலைந்து முறை எண்ணினோம். அக்கா வந்து கறியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சரி, இப்போது 1, டபிள்யூ, 5, ஏ என்ற கோப்பைத் திறங்கள். 2004இல் வந்தது, அதே உயிரியின் புரதம்தான், ஆனால் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஒன்றின் குழியை மேலே பார்க்கும்படி வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மற்றதன் அடியை உற்றுப்பாருங்கள். பல் அங்கே இருக்கிறது! மேலே இருப்பவரின் டி-7 வளைவு, கீழே இருப்பவரின் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. குழி ஒருவருடையது, பல் அடுத்தவருடையது.

இதில்தான் புரதத்தின் வேலையே அடங்கியிருக்கிறது. தனியாகத் திரியும் மூலக்கூறு எரிபொருளைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட சும்மா இருக்கும், வெட்டாது. வரிசையில் சேர்ந்து மேலே ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் வெட்டு விழும், வெட்டியதும் இருபாஸ்பேட் ஆகிப் பிடி தளரும், முனையில் இருப்பவர் கழன்று விழுவார். அதாவது சேருவதே பிரிவதற்கான கடிகாரத்தையும் முடுக்கிவிடுகிறது.

படி 4: வரிசை ஓடுவதைக் கற்பனை செய்யுங்கள்

இதற்குக் கோப்பு வேண்டாம். உணவங்காடி வரிசையை நினைக்காதீர்கள், அங்கே வரிசை நிற்கும், ஆள்தான் நகர்வார். இங்கே நேர்மாறு. தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் விளக்குகள் ஓடுமே, அந்த மாதிரி: பல்பு அது அது இருந்த இடத்திலேயே இருக்கும், முன்னால் ஒன்று எரியும், பின்னால் ஒன்று அணையும், ஒளி மட்டும் ஓடும். எஃப்டிஎஸ்-இசட் இழையும் ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் உதிர்ந்து செல்லின் இடுப்பைச் சுற்றி ஓடுகிறது. உயிருள்ள பாக்டீரியாவில் இதை 2017இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. அந்த ஓட்டத்தோடு செல்சுவர் கட்டும் நொதிகளும் இழுபட்டுப் போய்ச் சுற்றிச் சுற்றிக் குறுக்குச் சுவர் எழுப்புகின்றன.

இழை சவ்வோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். புரதத்துக்கு ஒரு வால் உண்டு, ஈ. கோலையில் அதை எஃப்டிஎஸ்-ஏ, ஜிப்-ஏ என்ற இரண்டும் பிடித்துச் சவ்வில் கட்டிவைக்கின்றன. அந்த வாலைக் கோப்பில் தேடாதீர்கள், தொளதொளவென்று ஆடுவதால் படிகத்தில் பதியவில்லை.

படி 5: வீட்டுப்பாடம்

1, டி, யூ, பி என்ற கோப்பைப் பக்கத்துத் தாவலில் திறங்கள் (டி என்பது டியூப்புலினின் முதல் எழுத்து). அதுவும் 1998தான், இது நம் செல்களிலும் இருக்கும் டியூப்புலின் என்ற புரதம். குழி, நடுத்தூண் எல்லாம் பார்த்த முகமாக இருக்கும். படி 2இல் தேடிய அந்த ஏழு எழுத்து வரிசையை இதிலும் தேடுங்கள், ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். எது என்று நான் சொல்லப்போவதில்லை. அக்கா மகளுக்கு இரண்டு நிமிடம் ஆனது.