பொருள் பழுது, கடைக்காரர் கைவிரிக்கிறார்: சென்னைவாசி செய்ய வேண்டியது என்ன?

தி.நகரில் ஒரு மிக்ஸி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வாரம் சட்னி அரைக்கும்போது கருகல் நாற்றம் அடித்து நின்றுவிடுகிறது. கடையில் கேட்டால், "விக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது, கம்பெனியப் பாருங்க" என்பார்கள். சர்வீஸ் சென்டரில், "வோல்டேஜ் பிரச்சினை, வாரண்டியில வராது" என்பார்கள். பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரித்த கம்பெனியோடு சேர்த்து விற்ற கடை மீதும் புகார் கொடுக்கலாம்.

முதல் வேலை: பில்

கடை பில்லில் உள்ள எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாத 'எஸ்டிமேட்' துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பில் தொலைந்திருந்தால் ஜிபே பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, பெட்டியில் உள்ள சீரியல் எண் ஆகியவற்றைத் தேடி எடுங்கள்.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்பார்கள். கலர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் அது செல்லும், அங்கே கடைக்காரர் பக்கம்தான் நியாயம். பழுதான பொருளுக்கு அந்த வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதையும் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதனால் தள்ளிப்போடாமல் கடைக்குப் போங்கள். ஞாயிறு மாலை ரங்கநாதன் தெருவில் உங்கள் பேச்சு யார் காதிலும் விழாது. வார நாள் காலையில் போய் மேனேஜரைப் பாருங்கள்.

வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள்

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். சர்வீஸ் சென்டரில் பொருளைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் (பொருளைப் பெற்றுக்கொண்டு பழுதைக் குறித்துத் தரும் சீட்டு) வாங்குங்கள். 'வோல்டேஜ்' என்று சொன்னால், அதையே அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் தாராளமாகச் சொல்பவர்கள், பேனாவைக் கையில் எடுத்ததும் யோசிப்பார்கள். பழுதை வீடியோ எடுத்து வைப்பதும் நல்லது.

அப்புறம் கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். வக்கீல் பாஷை வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

"இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் உங்களிடம் வாங்கிய மிக்ஸி, இந்தத் தேதியில் மோட்டார் கருகி நின்றுவிட்டது. ஜாப் ஷீட் நகல் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் புதிய பொருள் தரவும் அல்லது முழுத்தொகையைத் திருப்பித் தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல் போகட்டும்.

1915

இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. ஆனாலும் பெரிய கம்பெனிகளிடம் பல நேரம் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

நுகர்வோர் ஆணையம்

அதற்கும் மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று தனித்தனி ஆணையங்கள் உண்டு. நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ மனு போடலாம், தாம்பரத்துக்காரர் தி.நகரில் வாங்கியிருந்தாலும் செங்கல்பட்டிலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

மனுவில் கடை, கம்பெனி இரண்டையுமே எதிர்தரப்பினராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் பக்கம் கைகாட்டுவார். பொருளின் விலையோடு அலைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கேளுங்கள். பழுதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும், அதனால் கெட்ட மிக்ஸியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 3 மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும்.

உத்தரவு வந்த பிறகும் பணம் தராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு, அதாவது உத்தரவைச் செயல்படுத்தக் கேட்கும் மனு, போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.