ஒரு பெரிய எண்ணை அலசுவது எப்படி: 3,10,788

ஒரு பெரிய முழு எண் எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அதன் பகாக் காரணிகளில் இருக்கிறது. அங்கே பிசகினால் பின்னால் வருவதெல்லாம் பிசகும். 3,10,788-ஐ வைத்துச் செய்து பார்ப்போம்.

இரட்டைப்படை எண் என்பதால் 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்: 1,55,394, பிறகு 77,697. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 36, ஆகவே 9-ஆல் வகுபடும். 3-ஆல் இருமுறை வகுத்தால் 8,633 மிஞ்சும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். 5, 7, 11 என்று தொடங்கி 40 வரை வகுத்துப் பார்த்து, எதற்கும் மீதியில்லாமல் போகவில்லை என்றதும் 8,633 பகா எண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வர்க்கமூலம் வரை போகாமல் அப்படிச் சொல்லவே கூடாது. 92² = 8,464; 93² = 8,649. ஆக 92 வரையுள்ள எல்லாப் பகா எண்களையும் சோதிக்க வேண்டும். அவற்றில் கடைசி 89, அதுதான் வகுக்கிறது! 8,633 = 89 × 97.

இவ்வளவு தூரம் நடக்காமலும் இதைப் பிடிக்கலாம். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணின் வர்க்கத்திலிருந்து கழியுங்கள்: 8,649 − 8,633 = 16 = 4². மீதி முழு வர்க்கமாக வந்ததால் காரணிகள் 93 − 4, 93 + 4. ஃபெர்மாவின் இந்த முறை, காரணிகள் நெருங்கியிருந்தால் மின்னல் வேகம், விலகியிருந்தால் இழுத்தடிக்கும். ஒரு முயற்சி செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

3,10,788 = 2² × 3² × 89 × 97

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 3 × 2 × 2 = 36.

காரணிகளின் கூடுதல்: (1+2+4) × (1+3+9) × (1+89) × (1+97) = 7 × 13 × 90 × 98 = 8,02,620. 2²-க்கு 7 என்று எழுத வேண்டிய இடத்தில் (1+2) × (1+2) = 9 என்று எழுதுவது அடிக்கடி நேரும் தவறு. தனித்தனியாகப் பெருக்குவது பொதுக் காரணி இல்லாத பகுதிகளுக்கு மட்டுமே செல்லும். கூடுதலிலிருந்து எண்ணைக் கழித்தால் 4,91,832. தன்னைத் தவிர்த்த காரணிகளின் இந்தக் கூடுதல் எண்ணைவிடப் பெரியது, எனவே 3,10,788 மிகை எண். (6-ஐவிடப் பெரிய 6-இன் மடங்குகள் எல்லாமே மிகை எண்கள்தான்.)

89-இன் அடுக்கு ஒற்றைப்படை என்பதால் இது முழு வர்க்கம் அல்ல.

ஹர்ஷத் எண்ணா, அதாவது தன் இலக்கக் கூடுதலால் மீதியின்றி வகுபடும் எண்ணா? இலக்கக் கூடுதல் 27. 9-க்குச் செல்லும் விதி 27-க்கும் செல்லும் என்று நம்பிவிடாதீர்கள். 27-ஆல் வகுத்தால் மீதி 18. ஹர்ஷத் அல்ல.

இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் ஒவ்வொரு பகாக் காரணிக்கும் அடுக்கு இரட்டைப்படையாக இருந்தால் முடியும். இங்கே அப்படிப்பட்டது 3 மட்டும்; அடுக்கு 2. 89 = 8² + 5², 97 = 9² + 4². இவற்றைக் குறுக்கே பெருக்கினால் (8×9 + 5×4 = 92, 5×9 − 8×4 = 13; 5×9 + 8×4 = 77, 8×9 − 5×4 = 52) 8,633 = 92² + 13² = 77² + 52². மிச்சமுள்ள 36-க்காக ஒவ்வொன்றையும் 6-ஆல் பெருக்குங்கள்: 552² + 78², 462² + 312². வேறு வழி இல்லை, இந்த இரண்டுதான்.