புல்லட் டபுள் ஸ்டாண்டு ஏறவில்லையா? கீழே குனிந்து பாருங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு 1971 புல்லட் நிற்கிறது, அப்பா வண்டி. ராத்திரி அதை டபுள் ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். போன வருடம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீயே போடுடா, எனக்கு இனிமே முடியல" என்றார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. சரி என்று நான் போய் மிதித்தால், எனக்கும் ஏறவில்லை. வயதானது அப்பாவுக்கு இல்லை, ஸ்டாண்டுக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

160 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி என்றாலும், ஸ்டாண்டு சரியாக இருந்தால் கை பலமே வேண்டாம், உடம்பு எடையைக் காலில் இறக்கினால் தானாக ஏறும். இந்த வண்டி 1955 முதல் மெட்ராஸில் செய்யப்பட்டது என்றாலும் வடிவம் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்தது. பிஎஸ்ஏ, டிரையம்ப், நார்ட்டன் மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் உங்கள் குறை எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏற்றவே முடியவில்லை என்பது ஒன்று. சுலபமாக ஏறுகிறது, ஆனால் பின் சக்கரம் தரையைத் தொடுகிறது, லேசாகத் தள்ளினாலே வண்டி முன்னால் இறங்கிவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் நேர் எதிர். ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்தால் வண்டி கெடும். எங்கள் வண்டிக்கு அதுதான் நடந்தது. சக்கரம் தரையில் உரசுகிறது என்று ஒரு பட்டறையில் விட்டோம், அவர்கள் ஸ்டாண்டின் இரண்டு பாதத்திலும் அரை அங்குலத் தகட்டை வைத்து வெல்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். சக்கரம் தூக்கியது உண்மைதான், ஆனால் கால் நீளமாகிவிட்டதால், கால் இன்னும் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும்போதே பாதம் தரையில் முட்டியது, அங்கிருந்து மொத்த வண்டியையும் மேலே தூக்க வேண்டியதாயிற்று.

உண்மையான குறை மேலே இருந்தது. ஸ்டாண்டு சுழலுகிற இரண்டு போல்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கித் தேய்ந்திருந்தது, போல்டு போகிற ஓட்டை முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது, ஸ்டாண்டு முன்னால் வந்து நிற்க வேண்டிய முட்டும் மழுங்கிப்போயிருந்தது. முட்டு தேய்ந்தால் கால்கள் அளவுக்கு மேல் முன்னால் போய்ச் சாயும், வண்டி தாழும், சக்கரம் தரையைத் தொடும். ஏற்றிய நிலையில் பாதம், சுழலும் போல்டுக்கு நேர் கீழே இருந்து கொஞ்சம் முன்னால் நிற்பதுதான் கணக்கு. நேராக நின்றால் வண்டி முன்னால் உருண்டு இறங்கிவிடும், ரொம்ப முன்னால் போனால் உயரம் போய்விடும்.

சோதனை சுலபம். சமமான சிமென்ட் தரையில் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள், கூட இருப்பவரைப் படுத்து போல்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஆடி ஸ்டாண்டு அசையாமல் நின்றால் போல்டு தேய்ந்திருக்கிறது. அப்புறம் வண்டியை இறக்கி, ஸ்டாண்டைக் காலால் மெல்ல அழுத்தி இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு பாதம் முன்னதாகத் தொட்டால் நீங்கள் மிதிக்கிற பலத்தில் பாதி வண்டியை முறுக்குவதிலேயே போய்விடும். கடைசியாக, ஏற்றிய நிலையில் பின் டயருக்கும் தரைக்கும் இடைவெளி. ஒரு விரல் தடிமனுக்குக் குறையாமல், ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாமல் இருந்தால் எனக்குத் திருப்தி.

ஸ்டாண்டில் கை வைப்பதற்கு முன் டயரில் காற்று இருக்கிறதா, யாராவது குட்டை ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். வண்டி தாழ்ந்தால் அதே ஸ்டாண்டு உயரமாகிவிடும். 19 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 18 போட்டால் மட்டும் அரை அங்குலம் தாழ்கிறது.

கழற்றுவதற்கு வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில்பாரை ஜன்னல் கம்பியோடு கட்டி, முன் பிரேக்கைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். இங்கிலாந்திலேயே செய்த பழைய வண்டிகளில் மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டாதீர்கள், போல்டு தலை உருண்டுவிடும். அதற்கு விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் வேண்டும். பல போல்டுகள் அங்குலத்துக்கு 26 மரை உள்ள சைக்கிள் திரெட், கடையில் கிடைக்கிற சாதா நட்டை பலவந்தமாக ஏற்றினால் மரை போய்விடும்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு லேத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் பழைய போல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போல்ட மட்டும் மாத்துனா ஆறு மாசம் தம்பி, ஓட்டையையும் சேத்துப் பாக்கணும்" என்றார். அவர் சொன்னபடி ஓட்டையை வட்டமாகக் குடைந்து கன்மெட்டல் புஷ் (ஓட்டைக்குள் இறுக்கமாக உட்காரும் உலோக வளையம்) அடித்து, அதற்கு ஏற்றபடி புதுப் போல்டு கடைந்தோம். முட்டு மழுங்கிய இடத்தை வெல்டால் நிரப்பி, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, மாட்டிப் பார்த்து, மறுபடி ராவி, மூன்று முறை ஆயிற்று. இங்கே அவசரப்படக் கூடாது. பாதத்துத் தகட்டைப் பிடுங்கிவிட்டு, தேய்ந்த அளவுக்கு மட்டும் 3 மில்லிமீட்டர் தகடு வைத்தோம்.

வெல்டு வேலை எல்லாம் ஸ்டாண்டு வண்டியை விட்டுக் கழன்ற பிறகுதான். ஸ்டாண்டு போல்டைத் தாங்குகிற, ஃபிரேமில் இருக்கிற காதே விரிசல் விட்டிருந்தால் ஆர்க் வெல்டு அடிக்க விடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் ஃபிரேம்களில் அது பெரும்பாலும் வார்ப்பிரும்பு வகை, பித்தளையால் பற்றவைத்தது. ஆர்க் சூட்டில் பக்கத்திலேயே புது விரிசல் விடும். கேஸ் வெல்டிங்கில் பித்தளைக் கம்பி வைத்துச் செய்யத் தெரிந்த ஆளைத் தேடிப் போங்கள்.

ஸ்பிரிங் மாட்டுவதுதான் பலருக்குப் பயம். ஸ்பிரிங்கை வைஸில் பிடித்து ஒரு பக்கம் வளையுங்கள், திறக்கிற இடுக்குகளில் செல்லாத பழைய 25 பைசாக்களைச் செருகுங்கள், மறுபக்கம் வளைத்து அங்கேயும் செருகுங்கள். இப்படியே போனால் ஸ்பிரிங் நீண்டு விறைப்பாக நிற்கும், கொக்கியில் கையாலேயே மாட்டிவிடலாம். ஸ்டாண்டைக் கீழே தள்ளினால் ஸ்பிரிங் இழுபட்டு, காசெல்லாம் ஒவ்வொன்றாகத் தரையில் விழும். எதற்கும் முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கை அப்படியே விடாதீர்கள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது ஸ்டாண்டு தொங்கி ரோட்டில் உரசினால் பின் சக்கரமே தூக்கிவிடும்.

மாட்டியதும் செயின், சைலன்சர் எதிலும் தட்டவில்லை என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு கிரீஸ் வையுங்கள். வழிகிற கிரீஸைத் துடைத்துவிட வேண்டும், பாலாற்று மணல் லாரிக்குப் பின்னால் போனால் மணல் ஒட்டி அதுவே அரைக்க ஆரம்பித்துவிடும்.

இனி ஏற்றும் முறை. வண்டிக்கு இடப்பக்கம் நின்று, இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பின் கைப்பிடியில். வலது காலால் ஸ்டாண்டை அழுத்தி, வண்டியை மெல்ல அசைத்து இரண்டு பாதமும் உட்கார்ந்ததைக் காலில் உணருங்கள். பிறகு முழு எடையையும் அந்தக் காலில் ஏற்றி நில்லுங்கள், வலது கை வழி காட்டினால் போதும். முதுகை வளைத்து இழுக்காதீர்கள். அப்படியும் கஷ்டமென்றால் பின் சக்கரத்தை அரை அங்குலப் பலகை மேல் ஏற்றி நிறுத்திக்கொண்டு போடுங்கள்.

ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டு கிக் அடிக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், காதுகள் விரிவது பெரும்பாலும் அதனால்தான். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்த் தார் ரோடு இளகும்போது பாதத்துக்கு அடியில் ஒரு தகடு போட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் புதைந்து வண்டி சாய்ந்துவிடும்.

அப்பா இப்போது மறுபடியும் தானே ஸ்டாண்டு போடுகிறார். நான் பக்கத்தில் போனால் தள்ளி நிற்கச் சொல்கிறார்.