பினாங்கில் வளர்ந்த அப்புச்சியின் பேச்சைப் பதிவு செய்ய

நாமக்கல், சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் உண்டு. 1941-ல் பினாங்குத் தீவில் ஏழெட்டு வயதுப் பிள்ளையாக இருந்த அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். அறுப்பு முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே போங்கள்.

வருஷத்தை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் ஒப்புக்கு ஒன்றைச் சொல்வார், பிறகு மொத்தக் கதையும் அந்தத் தவறான வருஷத்தைப் பிடித்துக்கொண்டே வரும். "அப்புச்சி, காலையில பள்ளிக்கொடத்துல எந்தக் கொடிக்கு முன்னால நிக்க வெச்சாங்க?" என்று கேளுங்கள். சிவப்பு வட்டக் கொடி என்றால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பினாங்கைப் பிடித்து வைத்திருந்த காலம், 1941 டிசம்பர் 19-க்கும் 1945 செப்டம்பர் 3-க்கும் இடையில். அதற்குப் பின் 1946 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். அன்று முதல் மலாயன் யூனியன். 1948 பிப்ரவரி 1-ல் மலாயாக் கூட்டாட்சி. 1957 ஆகஸ்ட் 31-ல் சுதந்திரம். இந்தத் தேதிகளை ஒரு அட்டையில் எழுதி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் காட்டவேண்டாம்.

கடிகாரமும் துப்புத் தரும். ஜப்பான்காரர்கள் டோக்கியோ நேரத்தைப் புகுத்தியதால் முள் ஒன்றரை மணி நேரம் முன்னால் போனது. "ஏழரைக்கும் இருட்டாத்தான் இருக்கும்" என்று சொன்னால் நினைவு பிசகிவிட்டதென்று திருத்தாதீர்கள். அது ஜப்பான் காலத்துக் காலைப்பொழுது.

பெட்டியடியில் பழைய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். வாழைமரம் போட்ட பத்து டாலர் ஜப்பான் நோட்டு. பின்னாளில் அடித்தவற்றில் வரிசை எண்ணே கிடையாது, 'எம்' என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும் இருக்கும். பிரிட்டிஷார் திரும்பியதும் அது செல்லாக் காசானது. வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், சூடும் பசையும் பிறகு பிரிக்க விடாது. செலோடேப்பும் வேண்டாம், நாளானால் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். இரு பக்கமும் படம் எடுத்து, வெள்ளைத்தாள் மடிப்பில் வையுங்கள்.

சாப்பாட்டுப் பேச்சில் நாக்கு தானாக அவிழும். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே மூன்று வேளையும் என்பார்கள். அதே போரில் மலாயா ஜவ்வரிசி வரத்து நின்றதால்தான் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இதைச் சொன்னால் பேச்சு நம்மூர்ப் பக்கம் வந்து இன்னும் விரியும்.

ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போன அப்பா, அண்ணன் பேச்சு வந்தால் குறுக்கே கேள்வி போடாதீர்கள். தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பவில்லை. மௌனமும் பதிவாகட்டும். பிறகு, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தோடு சேர்ந்த சிறுவர் படையான பால்சேனையில் அணிவகுத்ததைக் கேட்கலாம். நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை, எனவே அது அதற்குப் பிந்தியது.

ஊர் திரும்பிய கப்பல் பெயரையும் வாங்கிவிடுங்கள். 'ரஜூலா' என்றால் 1970-களின் தொடக்கத்துக்கு முன், 'சிதம்பரம்' என்றால் அதற்குப் பின்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு முழத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காதுக்குப் பழகிய அந்த இரைச்சல் பதிவில் பேச்சையே முழுங்கிவிடும். முதலில் தேதி, ஊர், பெயரை நீங்களே சொல்லுங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அன்றிரவே இரண்டு பென்டிரைவில் நகலெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.