விம்மிலிருந்து வெளிக் கட்டளை: கை தவறும் இடங்கள்

தமிழக-கேரள எல்லையில் புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் புனலூருக்குப் போகும் காய்கறி லோடுக்கான பட்டியலை வெறும் டெக்ஸ்ட் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு விம் என்ற எடிட்டர் (உரை எழுதித் திருத்தும் நிரல்) நல்ல கையாள். காய்ப் பெயர் தமிழில், கடைப் பெயர் மலையாளத்தில், எடை எண்ணில் இருக்கும். வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) கட்டளைகள் தயாராக உள்ளன. பட்டியல் கெடுவது பெரும்பாலும் விம் தன்னிடம் இருப்பதை ஷெல்லிடம் கொடுத்து வாங்கும் இடத்தில்தான். (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம், அடிக்கும்போது ஆங்கில எழுத்து.)

முதலில் ஓர் இடைவெளி. ":டபிள்யூ !சார்ட்" என்றால் பட்டியல், வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்கு உள்ளீடாகப் போகும், விடை திரையில் வரும், கோப்பு அப்படியே இருக்கும். ஆச்சரியக்குறியை முன்னால் ஒட்டி ":டபிள்யூ! சார்ட்" என்று அடித்தால், சார்ட் என்ற பெயரில் ஒரு கோப்பு எழுதப்படும். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும்.

":%!சார்ட்" வேறு ரகம். முழுப் பட்டியலையும் அனுப்பி, திரும்பி வருவதை அதே இடத்தில் வைக்கும். கட்டளைப் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் பட்டியல் போய், "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்ற ஒற்றை வரி நிற்கும். பாஷ் போன்ற ஷெல்களில் பிழைச் செய்தியையும் விடையோடு சேர்த்தே விம் வாங்கிக்கொள்கிறது. யூ விசையை ஒருமுறை தட்டினால் பட்டியல் திரும்பிவிடும். பதறிப்போய்ச் சேமித்து வெளியேறினால்தான் சேதம். இன்னொன்று: வரியின் நடுவே எடையை மட்டும் தேர்ந்தெடுத்து வடிகட்டினாலும் போவது முழு வரிதான்.

எடைப்படி அடுக்க வெறும் சார்ட் போதாது. எழுத்தாகப் பார்த்து 100ஐ 25க்கு முன்னால் வைக்கும். எண் என்று சொன்னால் மட்டும் சரியாகிவிடாது. இடைவெளியால் பிரித்த வரியில் "சின்ன வெங்காயம் 40" என்றிருந்தால் இரண்டாம் பத்தி வெங்காயம். காற்புள்ளியால் பிரித்து வைத்து, ":%!சார்ட் -டி, -கே2,2என்" என்று ஓட்டுங்கள் (2 என்பது எடை நிற்கும் பத்தி, வேறு பத்தியில் இருந்தால் அந்த எண்).

":!" கட்டளைக்குள் % என்றால் திறந்திருக்கும் கோப்பின் பெயர், # என்றால் அதற்கு முன் பார்த்த கோப்பு, இன்னொரு ! வந்தால் முன்பு ஓட்டிய கட்டளை. தேதி செருக ":ஆர் !டேட் +%டி" அடித்தால் % இருந்த இடத்தில் கோப்புப் பெயர் நுழைந்துவிடும், முன்னால் \ வேண்டும். "ஓணம் லோடு" என்று இடைவெளியோடு பெயர் வைத்த கோப்பை ஷெல் இரண்டு கோப்பாக நினைக்கும். அதற்கு % மட்டும் போடாமல் பெரிய எஸ் சேர்த்து "%:எஸ்". கூடவே, % கொடுத்து ஓட்டும் கட்டளை படிப்பது வட்டில் இருப்பதை. திரையில் இப்போது திருத்தியது அதில் வராது. முதலில் சேமியுங்கள், அல்லது தானாகச் சேமிக்கும் ஆட்டோரைட் விருப்பத்தை இயக்குங்கள்.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். எல்லைப்புறத்துப் பட்டியல்களில் மிகவும் வதைப்பது இதுதான். லோகேல் என்பது மொழிக்கேற்ற கணினி அமைப்பு. அடிப்படையான சி லோகேலில், ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்படியே சார்ட் அடுக்கும். அதில் ற என்பது ர-வை அடுத்து வரும். ன என்பது ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளையும் தாண்டி இருப்பதால், அகராதியில் முன்னால் வர வேண்டிய பாக்கு, பாகலுக்குப் பின்னால் போய்விடும். கணினியில் தமிழ் லோகேல் இருக்கிறதா என்று "லோகேல் -ஏ" காட்டும். இருந்தாலும் பாகல், பாக்கு இரண்டை மட்டும் ஒரு கோப்பில் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஒன்றை இன்னொன்றாக மாற்றும் க்னூ டிஆர் கட்டளை எழுத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகான பைட்டைத்தான் பார்க்கிறது. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ் எழுத்துக்கும் மலையாள எழுத்துக்கும் தலா மூன்று பைட். தமிழ் ர-வின் கடைசி பைட் 176, ற-வுக்கு 177. மலையாளத்திலும் அதே 176, 177! ஆகவே "ர"-வை "ற" ஆக்க டிஆர் ஓட்டினால், தொடவே நினைக்காத மலையாளக் கடைப் பெயர்களிலும் ரகரம் றகரமாகிவிடும். விம்மின் சொந்த ":%எஸ்" மாற்றுக் கட்டளையில் இந்த வம்பில்லை.

மலையாளத்தில் புனலூரின் கடைசி ர் ஒரு சில்லெழுத்து, அதாவது உயிர் சேராத மெய்க்கான தனி வடிவம். 2008இல் யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனி எண் தந்தது. அதற்கு முன் ரகரம், சந்திரக்கலை, இணைப்பான் என மூன்று குறிகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடும் கட்டளையான கிரெப்புக்கு வேறு வேறு. பழைய கோப்பில் தேடி "இல்லை" என்று வந்தால், அந்த எழுத்தின்மேல் நின்று ஜி8 அடித்துப் பைட்டுகளை எண்ணுங்கள்.

விம் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியைப் பற்றிச் சில. விம் 8.0 முதல், சொந்த விம்ஆர்சி இல்லாதவருக்கு மட்டுமே டீஃபால்ட்ஸ்.விம் என்ற இயல்பமைப்புக் கோப்பு தானாக ஏறும். ஒரு வரி எழுதிய உடனே நிறக்காட்டல் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். அந்தக் கோப்பை உங்கள் விம்ஆர்சியின் முதல் வரியில் சோர்ஸ் கட்டளையால் ஏற்றிவிடுங்கள். விசைக்குக் கட்டளை கட்டும்போது மேப் வேண்டாம், என்நோரிமேப் போதும். மேப், ஏற்கெனவே கட்டிய விசைகளையும் உள்ளே இழுத்துச் சுற்றவிடும். அதே வரியின் கடைசியில் குறிப்பு எழுதினால் அதுவும் விசையோடு சேர்ந்து ஓடும். ஆட்டோகமாண்டுகளை (ஒரு நிகழ்வின்போது தானாக ஓடும் கட்டளைகள்) ஒரு ஆகுரூப்புக்குள் (அவற்றின் தொகுப்பு) வைத்து, முதல் வரியில் "ஆட்டோசிஎம்டி!" போடாவிட்டால், விம்ஆர்சியை மறுபடி ஏற்றும் ஒவ்வொரு முறையும் அவற்றில் இன்னொரு பிரதி சேர்ந்துகொண்டே போகும். பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் வைத்த அலியாஸ்கள் (கட்டளைக்கான சுருக்கப் பெயர்கள்) ":!" வழியே கிடைக்காது, ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதிப் பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் இடங்களில்) வையுங்கள்.

வெளியாள் அனுப்பிய பட்டியலைத் திறப்பதாக இருந்தால் நோமோட்லைன் போட்டுக்கொள்வது நல்லது. மோட்லைன் என்பது கோப்புக்குள்ளிருந்தே விம்முக்கு அமைப்பு சொல்லும் வரி. 2019இல் வெளிவந்த ஓட்டையில், 8.1.1365க்கு முந்தைய விம்மில் கோப்புக்குள் இருந்த ஒரு மோட்லைனே ஷெல் கட்டளையை ஓட்ட முடிந்தது.