கெரிஸ் வாங்கும் முன் அலகைப் பாருங்கள்

இந்தோனேசியாவின் கெரிஸ் குத்துவாளை இணையத்தில் வாங்குவோர் உறையின் அழகில் மயங்கிவிட வேண்டாம். உருவிய அலகைப் பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் மடித்து மடித்து அடிப்பதால் பிறக்கும் 'பாமோர்' வரிகள் மரத்தின் ரேகைபோல் ஓடும். இரு பக்கமும் அச்சடித்ததுபோல் இம்மி பிசகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

'பழங்காலத்தது' என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். மதுரா தீவின் சுமெனெப்பில் இன்றும் கொல்லர்கள் அருமையான கெரிஸ்களைச் செய்கிறார்கள். புதியதைப் புதியது என்றே சொல்லி விற்பவரே என் தேர்வு.

உங்கள் நாட்டுச் சுங்க விதியை முன்பே விசாரியுங்கள். பொருள் வந்ததும் அலகை வெறுங்கையால் தடவ வேண்டாம்; கருமை ஏற்ற ஆர்சனிக் என்னும் நஞ்சை எலுமிச்சைச் சாற்றில் கலந்து பூசுவது அங்கே வழக்கம்.